பந்தலூரில் ஒரு பலாமரப் பெட்டி

உங்கள் வீட்டு ஹால் எத்தனை அடிக்கு எத்தனை அடி? வெட்கப்படாமல் சொல்லுங்கள். என்னுடையதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்: 11 அடிக்கு 10 அடி. அதற்குள்தான் டெலிவிஷன், சாப்பாட்டு மேஜை, மழைக்காலத்தில் துணி உலர்த்தும் கொடி, மத்தியானத் தூக்கத்துக்கு மாமியாரின் மடக்குக் கட்டில் எல்லாம். இதற்கு 'ஹால்' என்று பெயர் வைத்தவர் நல்ல ஹாஸ்யப் பிரியராகத்தான் இருக்க வேண்டும்!

இந்த லட்சணத்தில், பழைய காலத்து மரச்சாமான் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. என் சிநேகிதிக்கும் இதே ஆசை வந்தது. அவள் காரைக்குடிக்குப் போய், பழஞ்சாமான் கடையில் ஒரு கண்ணாடி பீரோவை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்ற பீரோ அது. மூன்றாவது மாடி பிளாட்டுக்குள் நுழைய மறுத்துவிட்டது. மூன்று நாள் மாடிப்படி வளைவிலேயே நின்றது. பால்காரர் அதைச் சுற்றிக்கொண்டுதான் மேலே போனார்.

ஆகையால் நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டுச் சுவர்களையும், வாசற்படியையும், மாடிப்படி வளைவையும் நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, அந்த நூற்கண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நீலகிரிக்குப் புறப்பட்டேன். துரைமார் பங்களாச் சாமான்கள் அங்கேதானே கிடைக்கும்? ஊட்டியில் விலை கேட்டதும் குளிர் இரட்டிப்பாகிவிட்டது. "பந்தலூர்ப் பக்கம் போய்ப் பாருங்களேன்" என்றார் ஒரு புண்ணியவான்.

ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்குவதற்குள் குளிர் விட்டுவிடுகிறது, ஸ்வெட்டர் கைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து நாடுகாணி, தேவாலா, அப்புறம் பந்தலூர். தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. நான் போன அன்றும் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தை மலையாளத்தில் முடித்தார்கள். வயநாடு எட்டிப் பிடிக்கும் தூரம்தானே! "சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிடுங்கள், ஆனை வரும்" என்று கண்டக்டர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் வருவார் என்பதைப் போல.

இந்தச் சின்ன ஊருக்கு ஒரு காலத்தில் லண்டன் முழுவதும் ஆசைப்பட்டது என்றால் நம்புவீர்களா? இங்குள்ள ஓடைகளில் மலைவாசிகள் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்தார்கள். 1879-ல் அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்தது. 1880-ல் அவர் அறிக்கை வெளிவந்ததுதான் தாமதம், லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. 40 லட்சம் பவுனுக்கும் மேல் மூலதனம் அறிவித்தார்கள்! தேவாலாவும் பந்தலூரும் ஒரே மூச்சில் பட்டணங்களாயின. கல்லை வெட்டி இடித்துப் பார்த்தால், வந்த பொன் கூலிக்குக்கூடக் காணவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. அதன் பிறகு மலையைப் பிடித்துக்கொண்டது தேயிலை.

பொன் தேடி வந்தவர்களும் தேயிலைத் துரைமார்களும் எப்படிப்பட்ட மரச்சாமான்களோடு வாழ்ந்தார்கள் என்பதைக் கடைத்தெருச் சந்து ஒன்றில் தெரிந்துகொண்டேன். பாதி தச்சுப்பட்டறை, பாதி பழஞ்சாமான் கடை. ஆசாரிக்கு வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. முதலில் அவர் காட்டியது தோட்டத் துரை நாற்காலி. ஈட்டி மரம், பிரம்புப் பின்னல். கைப்பிடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் இன்னொரு கட்டையை வெளியே திருப்பினால் காலை நீட்டிப் போட்டுக்கொள்ளலாம். பூட்ஸைக் கழற்ற வேறோர் ஆள் வருவான்! நூலைப் பிடித்துப் பார்த்தேன். ஐந்தடிக்கும் மேல். என் ஹாலில் போட்டால் மற்ற எல்லோரும் சமையலறையில்தான் குடியிருக்க வேண்டும்.

"வேண்டாம் ஐயா, எங்கள் வீட்டில் துரையும் இல்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு எனக்குப் பாடமே நடத்தினார். பழைய சாமானை முன்பக்கம் பார்க்கக் கூடாதாம். கவிழ்த்துப் பார்க்க வேண்டுமாம். அடியில் மாவு போல் உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். இழுப்பறையை முழுதாக வெளியே உருவி, அதன் மூலையைப் பாருங்கள். பலகைகள் விரலோடு விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தால் நல்ல வேலை. வெறும் ஆணி என்றால் யோசியுங்கள். ஒரு காலைப் பிடித்து லேசாகத் தூக்குங்கள். மற்ற மூன்றும் சேர்ந்து அசைய வேண்டும், தனியாக ஆடக் கூடாது. மேலே கண்ணாடி போல் வார்னிஷ் மின்னினால் சந்தேகப்படுங்கள், அதற்கடியில் எத்தனை ஒட்டோ! அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்க்கும் பழைய பாலிஷ் அப்படி மின்னாது, மினுமினுக்கும். பிரம்பு அறுந்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். சென்னையில் பார்வையற்ற சகோதரர்கள் எத்தனையோ பேர் இந்தப் பின்னல் வேலையை அற்புதமாகச் செய்கிறார்கள்.

மூலையில் ஒரு பித்தளைக் காப்புப் போட்ட இழுப்பறைப் பெட்டி இருந்தது. நடுவில் இரண்டாகப் பிரிகிறது, கைப்பிடிகள் பலகைக்குள் பதிந்து கிடக்கின்றன. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் முகாமுக்கு முகாம் மாட்டு வண்டியில் கொண்டுபோவதற்காக இப்படிச் செய்யச் சொன்னார்களாம். பார்த்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. நம்மைப் போன்ற சின்ன வீட்டுக்காரிகள் அரண்மனைச் சாமானையும் செட்டிநாட்டுச் சாமானையும் தேடுவது அசட்டுத்தனம். ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கென்று செய்த சாமான் எதுவோ, அதுதான் நம் படியேறும், நம் மூலையில் அடங்கும். டிரங்குப் பெட்டி, மடக்கு மேஜை, தகர விளிம்பு அடித்த பழைய தேயிலைப் பெட்டி, இவையெல்லாம்தான் நம் ஜாதி!

ராணுவப் பெட்டியின் விலை என் இரண்டு மாதச் சம்பளம். ஆசாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லயத்தில் ஓர் அம்மாவிடம் பெட்டி இருக்கிறது. நாலாயிரத்துக்குத் தருவார்கள், அழைத்துப் போகிறேன்" என்றார்.

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். இலங்கைத் தோட்டங்களிலும் இதே சொல்தான். 1964-ம் வருஷம் அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 5,25,000 தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-லிருந்து இந்தப் பகுதியில் அரசாங்கம் தேயிலை பயிரிட்டது. பந்தலூரைச் சுற்றி அந்தக் குடும்பங்கள் ஏராளம்.

அந்த அம்மாள் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1974-ல், ஒன்பது வயதில் வந்திருக்கிறார். "கோச்சி ஏறினப்போ தோட்டமே ஸ்டேஷன்லதான், கண்ணு. ஏறுறவங்களும் அழுவாங்க, நிக்கிறவங்களும் அழுவாங்க. ஒப்பாரிக் கோச்சின்னுதான் அதுக்குப் பேரு" என்றார். கோச்சி என்றால் ரயில். தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. அவருடைய தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்தவராம். புறப்படுமுன் கொல்லைப் பலா மரத்தின் பலகையில் தாமே செய்தது அந்தப் பெட்டி.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பலா மரம் புதிதில் மஞ்சள் குளித்தாற்போல் இருக்கும். இது தேன் நிறத்துக்கும் அப்பால் கறுத்துவிட்டது. மூலைகள் விரல் கோத்தவை. ஆணி ஒன்று இல்லை. மூடியின் மேல் தேய்ந்துபோன வெள்ளை எழுத்தில் 'மண்டபம்'. ஆசாரி சொல்லிக் கொடுத்த பரீட்சை எல்லாவற்றிலும் பெட்டி தேறிவிட்டது. என் நூலிலும் தேறிவிட்டது. மனசுக்குள் அதை என் ஜன்னலடியில் போட்டு, மெத்தை விரித்து, விருந்தாளியைக்கூட உட்கார வைத்துவிட்டேன்!

"ஏன் அம்மா விற்கிறீர்கள்?" என்று கேட்டது கேட்க வேண்டுமே என்றுதான்.

அவருக்கு வேலையில் ஓய்வு வந்துவிட்டது. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து ஏற்பாடு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஒன்பதாவது படிக்கும் பேத்தி இவரோடு. கடைத்தெரு அருகில் ஓர் அறையும் அடுப்பங்கரையும் வாடகைக்குப் பேசியிருக்கிறார். அட்வான்ஸுக்குக் கொஞ்சம் பணம் குறைகிறது. "அந்த ரூமு பத்துக்கு ஒம்பது. இதை எங்கே வைக்கிறது?" என்றார்.

பத்துக்கு ஒன்பது! என் ஹாலைவிட ஓர் அடி சின்னது.

அப்போதுதான் கவனித்தேன். பெட்டியின் மேல் கணக்கு நோட்டு ஒன்று விரித்தபடி கிடந்தது. பேத்தி எங்களுக்காக எழுந்து ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள், பேனாவை மூடாமல்.

வாசகிகளே, நான் பெரிய தர்மவதி என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பெட்டியை விட எனக்கு மனசு வரவேயில்லை. "புது வீட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டதுகூட, அங்கே இடமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு நிம்மதியாக வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில்தான். மழையில் நால்வரும் நடந்தோம். அறையில் ஒரே ஜன்னல். ஜன்னலுக்கும் கதவு நிலைக்கும் இடையே சுவரை நூலால் அளந்தேன். மூன்றடிக்கு மேல் ஒரு சாண் கூட இல்லை. ஆனால் மூன்றடி இருந்தது.

அதற்குப் பிறகு என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. பெட்டி ஜன்னலடிக்கு வரட்டும். கம்பளியும், மழைக்காலத்தில் வேண்டாத பாத்திரங்களும் உள்ளே போகட்டும். பகலெல்லாம் அது பேத்தியின் மேஜை. அடியில் நாலு அங்குல உயரத்துக்கு நாலு கட்டை வைத்தால் ஈரமும் கறையானும் ஏறாது, அவள் குனியவும் வேண்டாம். தவணையில் வாங்கி, ஈரத்தில் பூரிபோல் உப்பிக் கிடந்த டி.வி. ஸ்டாண்டைத்தான் கழித்துவிட வேண்டும், டி.வி.க்குச் சுவரில் ஒரு பலகை போதும். அடுக்குப் பானைகளை ஓர் ஆள் உயரத்துக்கு மேல், கதவின் தலைமாட்டில் பரண் போல் ஏற்றிவிடலாம். தரையை நிரப்பாதீர்கள், சுவரை நிரப்புங்கள் என்று இந்தப் பத்திரிகையில் நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! எழுதியபோதெல்லாம் பிளாட்டுகள்தான் என் மனக்கண்ணில் இருந்தன.

"அப்போ பணத்துக்கு?" என்று கேட்டார் அந்த அம்மாள். நியாயமான கேள்வி.

அதே தகப்பனார் செய்த பலாமர முக்காலி ஒன்று அடுப்பங்கரையில் இருந்தது. அதை 1,500 ரூபாய்க்குக் கேட்டேன். முக்காலிக்கு அது அதிகம் என்று ஆசாரியின் முகம் சொன்னது. அந்த அம்மாள் சற்று யோசித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். கொடுத்தபோது அதைப் புடைவைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்தார். மீதிப் பணத்துக்கு என்ன செய்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் செய்தது உபகாரமா, அதிகப் பிரசங்கித்தனமா என்று பஸ்ஸில் கூடலூர் வரும் வரைக்கும் தீர்மானிக்க முடியவில்லை. ஆசாரி மட்டும், கமிஷன் போயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே, பெட்டியைத் தம் ஜீப்பில் ஏற்றிப் போவதாக ஒப்புக்கொண்டார்.

முக்காலி மாடிப்படி வளைவில் சிரமமில்லாமல் திரும்பியது. இப்போது மாமியார் அதன்மேல் காபி டம்ளரை வைத்துக்கொள்கிறார். வேறு யாரும் தொடக்கூடாதாம். அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பென்சிலால் போட்ட அளவுக் கணக்கு இன்னும் அழியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி போன் செய்தாள். பெட்டி ஜன்னலடியில் சரியாக உட்கார்ந்துவிட்டதாம். "ரெண்டு வெரக்கடை மிச்சம் இருக்கு அக்கா, அங்க பாட்டி குடையை மாட்டி வெச்சிருக்கு" என்றாள்.