தைப்பூசத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றவங்களுக்கு

 

தைப்பூச வேலைகள் கோயில்ல ஆரம்பிச்சாச்சு. பந்தல், பால்குடப் பதிவு, அன்னதானச் சாமான் கணக்கு எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு. வருசா வருசம் நாங்கள் பூசை நேரம், கார் நிறுத்தும் இடம், பால்குடம் எடுக்கும் வரிசை இதைப் பற்றித்தான் இங்கே எழுதுவோம். இந்தத் தடவை சின்னப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பிள்ளையோ பேரப்பிள்ளையோ கூட்டிட்டு வர்றவங்க தயவுசெய்து முழுசாப் படிச்சிட்டு வாங்க.

நம்ம ஜொகூர்ல ஒரு நிலைமை இருக்கு. தைப்பூசத்துக்கு இங்கே பொது விடுமுறை. ஆனா சிங்கப்பூர்ல அன்னிக்குப் பொது விடுமுறை கிடையாது. நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் விடியறதுக்கு முன்னாலேயே பாலம் தாண்டி வேலைக்குப் போறாங்க! தைப்பூசம் வேலை நாள்ல வந்தா, லீவு கிடைக்காதவங்க பிள்ளைகளைத் தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு கையில பூசைத் தட்டு, இன்னொரு கையில ரெண்டு பேரப்பிள்ளைகள்னு வர்ற பாட்டிமார்களை நாங்கள் ஒவ்வொரு வருசமும் பார்க்கிறோம். அந்தப் பக்திக்கு எங்கள் கும்பிடு. அவங்களுக்கு உதவியா இருக்கட்டும்னுதான் இதை எழுதுகிறோம்.

சில வருசத்துக்கு முன்னால நடந்தது இது. ஒரு பெரிய குடும்பம், பதினஞ்சு பேருக்கு மேல வந்திருந்தாங்க. நாலு வயசுப் பையன் ஒருத்தனுக்கு அன்னிக்குக் காலையில மொட்டை. அம்மா பால்குடம் எடுக்கிறாங்க. பாட்டி, பையன் மாமாகிட்ட இருக்கான்னு நினைச்சாங்க. மாமா, பையன் சித்திகிட்ட இருக்கான்னு நினைச்சார். சித்தி, பாட்டிகூட வரிசையில நிக்கிறான்னு நினைச்சாங்க. பையன் யார்கிட்டயும் இல்லை.

மைக்கில சொன்னோம். மஞ்சள் சட்டை, மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருக்கும், நாலு வயசு. சொல்லி முடிச்ச உடனே நாலு பக்கத்துல இருந்தும் "இங்கே இருக்கான்"னு குரல் வந்தது. தைப்பூசத்துல மஞ்சள் சட்டை போடாத பிள்ளை எங்கே இருக்கு? மொட்டையும் சந்தனமும் போட்டா எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான். அப்பா கையில இருந்த போட்டோ அன்னிக்குக் காலையில வீட்டுல எடுத்தது. அதுல பையனுக்குத் தலை நிறைய முடி.

அந்த அம்மா தலையில பால்குடத்தோட வரிசை நடுவுல நின்னுட்டாங்க. இறக்கி வைக்கவும் மனசு வரலை, நடக்கவும் கால் வரலை. நாற்பத்தெட்டு நாள் விரதம். அந்தப் பிள்ளை பிறக்கணும்னு வேண்டிக்கிட்ட நேர்த்திக்கடன் அது. பக்கத்துல நின்ன ஒரு பெரியம்மாதான், "இறக்கி வைம்மா, முருகன் காத்திருப்பான், நீ போய்ப் பிள்ளையைப் பாரு"ன்னு சொல்லிக் குடத்தைக் கையில வாங்கிக்கிட்டாங்க.

இருபது நிமிசத்துக்கு மேல ஆச்சு. அன்னதானக் கொட்டகைக்குப் பின்னால, பெரிய லோங்காங் ஓரத்துல உட்கார்ந்து, தண்ணி ஓடுறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தான். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. வடகிழக்குப் பருவமழை நமக்கு நவம்பர்ல தொடங்கி மார்ச் வரைக்கும் இருக்கும். தைப்பூசம் அதுக்குள்ளதான் வரும். சாதாரண நாள்ல கணுக்கால் அளவு ஓடுற லோங்காங், மழைக்கு அப்புறம் பெரிய ஆளையே இழுத்துட்டுப் போயிடும். பையனை எங்க ஆள் ஒருத்தர் தூக்கிட்டு வந்தார். அந்த அம்மா அழுததை நாங்கள் இன்னும் மறக்கலை. அப்புறம் முகம் கழுவி, அதே குடத்தை எடுத்துக் கொண்டுபோய் அபிஷேகத்துக்குக் கொடுத்தாங்க. நேர்த்திக்கடன் ஒண்ணும் குறைஞ்சு போகலை.

அந்தக் குடும்பத்துல அக்கறை இல்லாதவங்க ஒருத்தர்கூடக் கிடையாது. பதினஞ்சு பேருமே பாசமான ஆளுங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்ததாலேயே, இவர்தான் பார்க்கணும்னு ஒருத்தர் இல்லாமப் போச்சு.

எங்களில் சிலர் பாசிர் கூடாங் பக்கம் தொழிற்சாலையில சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவங்க. அங்கே ஷிப்ட் மாறும்போது ஒரு மெசினை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. அடுத்த ஆள் வந்து, "சரி, நான் எடுத்துக்கிட்டேன்"னு வாயால சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் முதல் ஆள் நகரலாம். இரும்பு மெசினுக்கே இப்படின்னா பிள்ளைக்கு எப்படி இருக்கணும்?

முருகன் கதையிலேயே இது இருக்கு. சரவணப் பொய்கையில ஆறு குழந்தைகள். வளர்க்க வந்தவங்க கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். ஆளுக்கு ஒரு குழந்தைன்னு எடுத்துக்கிட்டாங்க. நாமும் அப்படியே செய்வோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே இந்தப் பிள்ளைக்கு இன்னார்னு பேர் சொல்லிப் பிரிச்சுக்குங்க. கழிவறைக்குப் போகணும், அர்ச்சனைச் சீட்டு வாங்கணும்னா, பிள்ளையின் கையை இன்னொருத்தர் கையில கொடுத்து, அவர் "நான் பார்த்துக்கிறேன்"னு சொன்ன பிறகு போங்க. பால்குடமோ காவடியோ எடுக்கிறவங்களுக்கு அன்னிக்குப் பிள்ளைப் பொறுப்பு வேண்டாம். பத்து வயசு அக்காகிட்ட ரெண்டு வயசுத் தம்பியை ஒப்படைக்கிறதும் வேண்டாம். அவளும் பிள்ளைதானே.

மொட்டை போட்டு, சந்தனம் பூசி, உடை மாற்றின பிறகு இன்னொரு போட்டோ எடுங்க. பிள்ளையின் கையில பேனாவால போன் நம்பர் எழுதுங்க. அன்னிக்குக் கோயில்ல இருக்கிற ஒருத்தரின் நம்பரா இருக்கணும். சிங்கப்பூர்ல வேலையில இருக்கிற அப்பா நம்பரை எழுதினா எங்களுக்கு உதவாது.

மொட்டை அடிக்கிற இடத்துல ஒரு விசயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் புது பிளேடு மாட்டச் சொல்லிக் கேளுங்க. உங்க கண் முன்னால உறையைப் பிரிக்கணும். கேட்டா யாரும் கோபிக்க மாட்டாங்க. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி இன்னும் மூடியிருக்காது, அதனால அசையாம மடியில பிடிச்சுக்கத் தெரிஞ்ச ஆள் உட்காரணும்.

கரும்புத் தொட்டில் கட்டுறவங்களுக்கு: தொட்டில் சேலையைப் பீரோவில இருந்து எடுத்து அப்படியே கட்டாதீங்க. நம்ம வீட்டுல பட்டுச் சேலைக்கு நடுவுல பாச்சை உருண்டை போடுற பழக்கம் உண்டு. மலாய்ல உபாட் கெகாட்னு சொல்லுவாங்க. நம்ம நாட்டுல பிறக்கிற குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்துல ஜி சிக்ஸ் பி டி பரிசோதனை செய்யிறாங்க. அந்தக் குறைபாடு இருக்கிற குழந்தைக்கு, பாச்சை உருண்டை வாடை ஏறின துணியே இரத்த அணுக்களை உடைச்சிடும். முகம் வெளுக்கும், மஞ்சள் காமாலை வரும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்துல போகும். அப்படிக் கண்டா உடனே மருத்துவமனைக்குப் போகணும். குழந்தையின் கிளினிக் புத்தகத்துல அந்தக் குறிப்பு இருக்கான்னு முன்னாலேயே பாருங்க. தொட்டிலுக்குத் துவைச்சு வெயில்ல காய வச்ச பருத்திச் சேலையே போதும். கரும்பு ரெண்டும் கனம் தாங்குமான்னு வீட்டிலேயே கட்டிப் பார்த்துட்டுக் கொண்டு வாங்க.

அடுத்தது சொல்லத் தயங்குற விசயம். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குப் பஞ்சாமிர்தம் கொடுக்காதீங்க. நாக்குல தொட்டு வைக்கக்கூட வேண்டாம். பஞ்சாமிர்தத்துல தேன் இருக்கு. தேன்ல ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கலாம். நமக்கு ஒண்ணும் செய்யாது. ஒரு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தையின் குடல்ல அது முளைச்சு விசமா மாறும். மலம் கட்டும், பால் உறிஞ்சுற பலம் போகும், அழுகைச் சத்தம் குறையும், உடம்பு துவண்டு போகும். சூடு பண்ணினாலும் அந்த வித்து சாகாது. "எங்க காலத்துல சேனைத் தண்ணியில தேன் வச்சோமே, யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு பெரியவங்க கேட்பாங்க. எல்லாக் குழந்தைக்கும் வராது, உண்மைதான். வந்த குழந்தைக்கு மூச்சு நிற்கிற வரைக்கும் போகலாம். மருமகள் "வேண்டாம் அத்தை"ன்னு சொன்னா அதை அவமரியாதையா எடுத்துக்காதீங்க. குழந்தைக்கு நெற்றியில திருநீறு போதும். அதுவும் மூக்குப் பக்கம் ஊதாம, விரலால மெல்லப் பூசுங்க.

கற்பூரத்தையும் கற்கண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ரெண்டும் வெள்ளைக் கட்டிதான். கற்கண்டைப் பிரசாதமா வாயில போட்டுப் பழகின பிள்ளை, கற்பூரத்தையும் போடும். சூடக் கட்டி கொஞ்சம் உள்ளே போனாலும் சில நிமிசத்துல வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காதீங்க, வலிப்பு வந்தா வாந்தி மூச்சுக்குழாய்ல போயிடும். 999 கூப்பிடுங்க, எங்களையும் கூப்பிடுங்க. கற்பூர டப்பாவைக் கையோட எடுத்துப் போனா மருத்துவருக்கு உதவும்.

சுண்டல், வேர்க்கடலை, முழுத் திராட்சை இதெல்லாம் நாலஞ்சு வயசு வரைக்கும் தொண்டையில அடைக்கக்கூடிய பொருள். மசிச்சோ நறுக்கியோ கொடுங்க. உட்கார வச்சுக் கொடுங்க.

பிள்ளைகள் பால்குடம் எடுக்க ஆசைப்பட்டா எடுக்கட்டும், சந்தோசம். சின்னச் செம்பு, பாதிப் பால். அந்தப் பாதிப் பாலும் அதே வேலனுக்குத்தான் போகுது. பெரியவங்க விரதம்னு பிள்ளைக்குத் தண்ணி கொடுக்காம இருக்காதீங்க. வெயில் ஏறிட்டா தார் ரோடு பிஞ்சுக் காலைப் பொசுக்கிடும், தேங்காய் உடைச்ச இடத்துல ஓடு கிழிக்கும். முடிஞ்சா விடியறதுக்கு முன்னால வந்துடுங்க. காவடி சுத்தி ஆடுற இடத்துலயும் ரதச் சக்கரத்துக்குப் பக்கத்துலயும் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தாதீங்க. காய்ச்சலோ கை கால் வாய் நோயோ இருக்கிற பிள்ளையை வீட்டுல விடுங்க. பிரசாதம் நாங்கள் கொடுத்தனுப்புறோம்.

தூங்குற பிள்ளையைக் கார்ல விட்டுட்டு, "அஞ்சு நிமிசத்துல கும்பிட்டு வந்துடறேன்"னு யாரும் வர வேண்டாம். நம்ம ஊர் வெயில்ல நிறுத்தின கார்ல பத்து நிமிசத்துக்குள்ள சூடு பத்து டிகிரி கூடிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சாலும் பெருசா மாறாது. பெரியவங்களைவிடக் குழந்தையின் உடம்பு வேகமாச் சூடாகும். தூக்கிட்டு வாங்க, உட்கார நாங்கள் இடம் தர்றோம். பிள்ளைகளுக்குக் கார்ல தனி இருக்கை வேணும்னு 2020 ஜனவரி 1-ல இருந்து சட்டமும் இருக்கு. கோயிலுக்குத்தானேன்னு மடியில வச்சுக்கிட்டு வராதீங்க. பத்துமலைக்குப் போறவங்களுக்கு இன்னும் முக்கியம். ராத்திரி முழுக்கக் கண் விழிச்சுக் காவடி எடுத்தவர், நெடுஞ்சாலையில ஜொகூர் வரைக்கும் தானே ஓட்டிட்டு வரக்கூடாது. அங்கே 272 படியிலயும் குரங்குங்க இருக்கு. பிள்ளை கையில பழம், பால் போத்தல் வேண்டாம்.

அன்னதானத்துல கொதிக்கிற சாம்பார் வாளி வர்ற வழியில பிள்ளைகள் ஓடக்கூடாது. சூடு பட்டா இருபது நிமிசம் குழாய்த் தண்ணியில காட்டுங்க. பற்பசை, கிச்சாப், மாவு எதுவும் பூசாதீங்க.

இந்தத் தடவை எங்க பக்கத்துல இருந்து செய்யப்போறது: லோங்காங் ஓரம் முழுக்கத் தடுப்புக் கட்டி ஒரு ஆளை நிறுத்துறோம். காணாமப் போன பிள்ளைக்குன்னு நுழைவாசல்ல தனி மேசை போடுறோம். கைக்குழந்தையோட வர்றவங்களுக்கும், பேரப்பிள்ளைகளோட தனியா வர்ற தாத்தா பாட்டிக்கும் தனி வரிசை உண்டு. வெட்கப்படாம வந்து, "தம்பி, இவனைக் கொஞ்சம் பிடிங்க"ன்னு சொல்லுங்க. பேர் சொல்லி வாங்கிக்குவோம், பேர் சொல்லித் திருப்பிக் கொடுப்போம்.

இதைக் குடும்பக் குழுவுல அனுப்பி வைங்க. முக்கியமா, அன்னிக்கு லீவு கிடைக்காம வேலைக்குப் போற அம்மா அப்பாக்களுக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!