ஞானப்பல் பிடுங்கும் முன் ஒரு மாத்திரை

சோமனூர், திங்கள்

ஞானப்பல் பிடுங்கப் போகிறவர் வலி மாத்திரையை எப்போது போட வேண்டும்? "வலிச்சாப் போட்டுக்கலாம்" என்பதுதான் இங்கே வழக்கமான பதில். இந்தப் பதில் பிசகு என்பது என் கருத்து. உடம்பு இடம்கொடுக்கிறவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரையை மரப்பு ஊசிக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஈறைக் கீறி, எலும்பைச் சற்றே ராவி, பல்லைத் துண்டாக்கி எடுக்கும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் காயம்பட்ட திசு அப்போதே புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. நரம்பு முனைகளைக் கூசவைப்பதும் வீக்கத்தைக் கூட்டுவதும் அதுதான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியையே தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். மாத்திரை இனி உண்டாவதைத் தடுக்கும். ஏற்கெனவே உண்டானதை அழிக்காது. அதோடு, வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலந்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். கீழ்த்தாடைக்குப் போடும் ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். வலி உச்சத்துக்கு ஏறுவது அதற்குப் பிறகுதான். வலித்த பிறகு மாத்திரையைத் தேடினால், அது வேலை செய்யும்வரை அந்த வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரேமண்ட் டியோனும் அவருடைய குழுவினரும் ஞானப்பல் எடுக்க வந்தவர்களுக்கு முன்கூட்டியே இந்த வகை மருந்தான ஐபுபுரோஃபென் கொடுத்து, 1983-இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது ஐபுபுரோஃபென் முன்னதாகப் போட்டவர்களுக்கு வலி தள்ளித் தொடங்கியது. பாராசிட்டமால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு 2013-இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பதில் சொல்கிறது: ஞானப்பல் எடுத்த வலிக்கு 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபென், 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கிறது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மேல்.

எதிர்த்தரப்பிலும் வலுவான சான்று உண்டு. 2002-இல் 80 சோதனைகளை அலசிய ஓர் ஆய்வு, பலவகை அறுவைகளைச் சேர்த்துப் பார்த்து, இந்த வகை மருந்தை முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் வலியில் பெரிய வித்தியாசமில்லை என்றது. இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. முன்னதாகப் போடுவதால் வலி வராமலே போய்விடும் என்று யாராவது சொன்னால் அது மிகை. ஆனால் அந்தச் சோதனைகளில் "பின்னால்" என்பது, கண்காணிப்பில் இருக்கிறவருக்கு நேரம் தவறாமல் கொடுத்த மருந்து. கோவையில் பல் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சைக் கடித்தபடி அவிநாசி ரோட்டில் பஸ் ஏறி, கருமத்தம்பட்டியில் இறங்கி, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு மெடிக்கலுக்கு ஆள் அனுப்புகிறவரின் "பின்னால்" வேறு. அதற்குள் மரப்பு விட்டிருக்கும். முன்னதாகப் போடுவதால் கிடைக்கும் லாபம் இந்த இடைவெளி அடைபடுவதுதான். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிற நெசவாளிக்கு, மறுநாள் தறிக்குடோனுக்குப் போக முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் முதல் ராத்திரித் தூக்கத்துக்கு, அது சின்ன லாபமல்ல.

புதன்

முன்னதாக மாத்திரை போட்டால் ரத்தம் நிற்காதே என்ற பயம் நியாயமானது. ஆனால் எல்லா மாத்திரைக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. ஆஸ்பிரின் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுவதும், ஏழு முதல் பத்து நாள்வரை, முடக்கிவிடும். ஐபுபுரோஃபெனின் பாதிப்பு ஒரு நாளுக்குள் விலகிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள், அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. ஐபுபுரோஃபெனைத் தாமாகச் சேர்க்கவும் கூடாது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நின்றபடி நூல் முடிகிறவர்கள் இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவது பெரும்பாலும் இதே குடும்பத்து மருந்துதான்: டைக்குளோஃபெனாக், அசிக்குளோஃபெனாக். பெயர் வேறாக இருப்பதால் அது இன்னொரு மருந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலையில் ஒன்று, பல் மருத்துவர் கொடுப்பது ஒன்று என்று சேர்ந்தால் வயிற்றில் புண் வரலாம். குடோன் வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற உடம்பில் சிறுநீரகமும் அடிபடும். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து கூடும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், இந்த மாத்திரைகளால் இழுப்பு வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இங்கே நான் சொன்ன யோசனை பொருந்தாது. அவர்களில் பலருக்குப் பாராசிட்டமால் போதும். அதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். ஞானப்பல்லைச் சுற்றி வீங்கிச் சீழ் பிடித்த பிறகும் மாத்திரையிலேயே வாரக்கணக்கில் ஓட்டுவதற்கும் இந்தக் கட்டுரையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். வலி அடங்குமே தவிர, சீழ் உள்ளேயே இருக்கும்.

ஆகவே பல் பிடுங்கப் போகிறவர்கள், வீட்டில் போடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் எடுத்துப் போங்கள். மரப்பு ஊசி மட்டும்தான் என்றால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள். அட்டைகளை மேஜைமேல் வைத்து, "ஊசிக்கு முன்னாடி எனக்கு மாத்திரை கொடுக்கலாமுங்களா?" என்று கேளுங்கள்.