அர்ஸ்டோட்ஸ்காவின் சாளரமும் குர்லாவின் சாளரமும்

லூகாஸ் போப் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்னும் கணினி விளையாட்டு 2013-இல் வெளிவந்தது. 1982-ஆம் ஆண்டு, அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாடு. நாம் அதன் எல்லைச் சாவடி அதிகாரி. முதன்முறை விளையாடியபோது கணவனை உள்ளே விட்டேன். அனுமதிச்சீட்டு இல்லாத மனைவியைத் திருப்பி அனுப்பினேன். அன்று ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் பெற்றிருந்தேன். மூன்றாம் தவறுக்கு ஊதியத்தில் பிடித்தம். வீட்டில் மகனுக்கு மருந்து தேவை.

இதனைக் கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரம் என்று ஒதுக்குவதும், நம் குடியுரிமை விவாதத்தின் உருவகம் என்று கொண்டாடுவதும் அவசரத் தீர்ப்புகளே. முதலில் அந்நாட்டு விதிகளுக்குள் நின்று கேட்க வேண்டும்: அந்த அதிகாரி எதனால் இரக்கமற்றவன் ஆகிறான்? வெறுப்பினால் அன்று, தலைக்கு இவ்வளவு என்னும் கூலியினால். அதுவே இவ்விளையாட்டின் அரசியல்.

அதன் எல்லையும் அங்கேதான் புலப்படுகிறது. ஆவணம் தொலைந்தவரின் கதைக்கு அந்த உலகில் இடமில்லை. குர்லாவில் 2005 ஜூலை 26 அன்று மித்தி ஆறு எங்கள் அறைக்குள் புகுந்தது. பின்னாளில், 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கு வசித்ததை நிறுவ வேண்டியபோது, அப்பாவிடம் எஞ்சியிருந்தது எழுத்தழிந்த ஒரு ரேஷன் அட்டை மட்டுமே. சாளரத்துக்கு அப்பால் இருந்தவர் அதைத் திருப்பித் தள்ளினார். அவர்மீது நெடுநாள் சினம் கொண்டிருந்தேன்.

விளையாடி முடித்தபின் அச்சினம் குறையவில்லை. அவரை விட்டு, அவர் கையிலிருந்த விதிப்புத்தகத்தின்மேல் திரும்பியது.