பெயர் இல்லாத கடிதம்

எமது இந்துக் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், மலருக்கு யாதேனும் எழுதுமாறு சங்கத்தார் பணித்தனர். கல்லூரியின் பெருமையைப் பேச எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், சங்கப் பணியில் யாம் செய்த பிழை ஒன்றனையும், அதனாற் கற்ற பாடத்தையும் எழுதத் துணிந்தோம்.

யாம் வலப்பனைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, விடுதி மாணாக்கராய் இக்கல்லூரியை அடைந்தோம். இன்று கணினித் தொழில் எமக்குச் சோறிடுகின்றது. 2016 ஆம் ஆண்டில் அன்பர் சிலர் வலப்பனை, இராகலைப் பகுதித் தோட்டப் பிள்ளைகள் 84 பேருக்கு உதவிப்பணம் வழங்க முன்வந்தனர். பெற்றோருக்கான கடிதங்களை அச்சிடும் பொறுப்பு எம்மிடம் வந்தது.

இதற்கு யாம் கையாண்டது பி.எச்.பி. என்னும் நிரல்மொழி. இராஸ்மஸ் லெர்டோர்ப் என்பார் 1995 இல் வெளியிட்ட அம்மொழி, இணையத்தளங்கள் பலவற்றை இன்றும் இயக்குகின்றது. அதிற் பல வரிகள் கொண்ட கடிதத்தை வரிவரியாகத் துண்டித்து ஒட்டவேண்டுவதில்லை. ‘சிறிது’ என்பதைக் காட்டும் குறியை மும்முறை இட்டு, அடையாளச் சொல்லொன்றைத் தந்து, அடுத்த வரியிலிருந்து கடிதத்தை உள்ளவாறே எழுதி, ஈற்றில் அதே சொல்லைத் தனி வரியில் இட்டு முடிக்கலாம். இதனை ஹியர்டொக் என்பர். ஏனைய சொற்கள் எழுதியவாறே அச்சாகும். டொலர்க் குறியோடு தொடங்கும் மாறி நிற்கும் இடத்தில் மட்டும் அவரவர் பெயர் வந்தமரும். முடிவுச் சொல் வரியின் முதலிலேயே நிற்றல் வேண்டும் என்பது அக்காலத்துக் கண்டிப்பு. 2018 இல் வந்த 7.3 ஆம் பதிப்பு அதனைத் தளர்த்தியது.

முதலில் மாணாக்கர் பெயரைத் தனி வரியில் இட்டுச் சோதித்தோம், செவ்வனே அச்சாயிற்று. பின்னர், “இது கந்தோர்ப் படிவம் போலிருக்கின்றதே, கடிதமாக எழுதலாகாதா?” என்று நண்பரொருவர் கேட்டார். அது நியாயமெனத் தோன்றவே, மாறியின் பின்னால் ‘இன்’ என்னும் உருபை இடைவெளியின்றிச் சேர்த்து, ‘பெற்றோராகிய தங்களுக்கு’ என்று தொடர்ந்தோம். இங்கேதான் இடறினோம். ஆங்கில எழுத்துக்களை மட்டுமன்றித் தமிழ் எழுத்துக்களையும் அம்மொழி மாறியின் பெயருள் ஏற்கும். ஆகவே, யாம் சேர்த்த உருபையும் மாறியின் பெயரென்றே கொண்டது. அப்பெயரில் மாறி எதுவும் இல்லாமையால் வெறுமையை அச்சிட்டது. எச்சரிக்கையைத் திரையிற் காட்டாதவாறு யாமே முன்னர் அமைத்திருந்தோம். எஞ்சிய ‘பெற்றோராகிய தங்களுக்கு’ என்பது குறையேதுமின்றி நின்றமையால், படித்துப் பார்த்தவர் எவரும் ஐயுறவில்லை. உறைகளில் முகவரியைக் கையால் எழுதி, 84 கடிதங்களையும் அஞ்சலிற் சேர்த்தோம்.

பத்து நாட்களின் பின், வலப்பனைக் கடைத்தெருவில் எம்மைத் தேடி ஒரு தந்தையார் வந்தார். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் அவருக்கு. “ஐயா, இதுல எந்தப் புள்ளன்னு பேரு இல்லீங்களே. கேட்டுட்டுப் போலாமுன்னு வந்தேன். இன்னைக்கு என் பேரும் போச்சுங்க” என்றார்.

தோட்டத்து வழக்கை அறியாத வாசகர்க்கு ஒரு சொல். அங்கே ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’ எனப்படும். குறித்த அளவு கொழுந்து பறியாதவர்க்கு ‘அரைப் பேர்’. செக்ரோலிற் பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. யாம் பெயரை விட்டமையால் அவர் ஒரு பேரை இழந்தார். எமது தந்தையாரும் அவ்வாறு பேருக்கு உழைத்தே எம்மைப் படிப்பித்தவர். அத்தந்தையார் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாமை எமக்குப் பின்னும் வருத்தந் தந்தது.

எம் மக்களுக்குப் பெயரும் தாளும் சிறு காரியங்களல்ல. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த ‘துண்டு’ 1921 இல் ஒழிக்கப்படும்வரை, அத்தாளே ஒரு குடும்பத்தின் போக்குவரவை நிச்சயித்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவரானோர், அதன்பின் ஒவ்வொரு தாளிலும் தம் பெயரைத் தேடினர். நாடற்றோராய் எஞ்சியவர்க்கு வழிசெய்த சட்டம் 2003 இலேதான் வந்தது. எழுத்து ஒன்று பிழைத்தமையால் அலைந்த குடும்பங்களை எம் லயத்திலேயே கண்டோம். கண்டிருந்தும் தவறினோம்.

அன்றிரவே பிழையைத் திருத்தினோம். மாறியை நெளிந்த அடைப்புக்குறிக்குள் இட்டால் அதன் எல்லை ஐயமின்றித் தெளியும். ஆயினும் தமிழுக்கு அது மட்டும் போதாது. சிவலிங்கம் என்னும் பெயரோடு ‘இன்’ சேருங்கால் ‘சிவலிங்கத்தின்’ எனத் திரியும். இயந்திரமோ ‘சிவலிங்கம்இன்’ என்றே அச்சிடும். ஆதலின் ‘என்னும் மாணாக்கரின்’ என்று இடையில் ஒரு சொற்றொடரை வைத்தோம். எப்பெயருக்கும் அது பொருந்தியது. புதிய கடிதங்களை ஒவ்வொன்றாகப் பெயர்ப் பட்டியலோடு ஒப்புநோக்கி, யாமே தோட்டந்தோறும் சென்று கையளித்தோம். அத்தந்தையாரின் ஒரு நாட் கூலியையும் கொடுக்க முயன்றோம். அவர் வாங்க மறுத்து, தேநீர் தந்து அனுப்பினார்.

கணினி பயிலும் தம்பி தங்கையரே, நிரல் ஓடிவிட்டது என்று அமைதி கொள்ளாதீர்கள். அச்சான தாளை, அதனைப் பெறுவார் கண்கொண்டு ஒருமுறை படியுங்கள். விடுதியில் எம்மைப் பெயர் சொல்லி அழைத்து ஆளாக்கிய கல்லூரிக்கு யாம் செலுத்தும் சிறு நன்றி இதுவே.