முதல்ல மெட்டு... அப்புறம்தான் சங்கதி!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம். ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரில் பூன் என்றொரு சின்ன ஊர். அப்பலாச்சியன் ஸ்டேட் யுனிவர்சிட்டி இருப்பதால் தெருவெங்கும் உங்க வயசுக்காரங்கதான். கிங் தெருவில் நடந்தீங்கன்னா, பெஞ்ச் ஒன்றில் ஒரு பெரியவர் கிடாரும் கையுமா உட்கார்ந்திருப்பார். அவசரப்பட்டு வணக்கம் வெச்சுடாதீங்க... அது வெண்கலச் சிலை! பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கலாம். பெயர், டாக் வாட்சன். 'மக்களில் ஒருவர்' என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். 2011-ல் சிலை வைத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார்.

யார் இவர்? பக்கத்தில் இருக்கும் டீப் கேப்பில் 1923-ல் பிறந்தவர். ரெண்டு வயசுக்குள் பார்வை போயிடுச்சு. 'பாவம் புள்ள'ன்னு அப்பா மூலையில் உட்கார வைக்கவில்லை. 14 வயசில் மரம் அறுக்கும் ரம்பத்தின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். மரம் வெட்டிச் சம்பாதித்த காசில் கிடார் வாங்கினார் டாக்.

1950-களில் அவர் இருந்த டான்ஸ் குழுவில் ஃபிடில் வாசிக்க ஆள் இல்லை. ஆட வந்தவங்களோ ஃபிடில் மெட்டுதான் கேட்டாங்க. 'அதையே கிடார்ல வாசிச்சா என்ன?' என்று இறங்கினார். அதுவரை கிடார் பெரும்பாலும் பின்னால் நின்று தாளம் போட்ட வாத்தியம். ஒரே ஒரு பிக்கை வெச்சுக்கிட்டு அதை முன்னால் கொண்டுவந்தவர்களில் இவர் முக்கியமானவர். அந்த வாசிப்புக்குப் பெயர் ஃப்ளாட்பிக்கிங்.

அது எப்படி? கார்ட்டர் குடும்பம் 1928-ல் பதிவு செய்த 'வைல்ட்வுட் ஃப்ளவர்' பாட்டை எடுத்துக்குங்க.

முதலில் மெட்டை வாயால் பாடுங்க. அதையே தடித்த கம்பிகளில், ஒண்ணும் சேர்க்காம வாசிங்க. நடுவில் விழும் இடைவெளியில் மெல்லிய கம்பிகளை லேசா வருடி விடுங்க. மேபெல் கார்ட்டரின் கைப்பழக்கம் இதுதான்.

அடுத்து அலங்காரம். மீட்டிய கம்பியிலேயே இன்னொரு விரலை 'டப்'னு தட்டினா அடுத்த ஸ்வரம் வரும். அது ஹேமர் ஆன். விரலைச் சுண்டி எடுத்தா புல் ஆஃப். வழுக்கிக்கிட்டுப் போனா ஸ்லைடு. மெட்டின் ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவே இடம் இருந்தா, படிக்கட்டு மாதிரி சின்னச் சின்ன ஸ்வரங்களைப் போட்டு நிரப்பலாம். அப்போ பிக், தட்டு விழும்போது கீழே, நடுவில் மேலே. இந்த ஒழுங்கு மாறினா வேகத்தில் தாளம் தடுமாறும்.

இதெல்லாம் தெரிஞ்சுட்டா போதுமா?

பூனிலிருந்து மலை இறங்கினால் வில்க்ஸ்போரோ. அங்கே ஒரு காலேஜ் வளாகத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் மெர்ல்ஃபெஸ்ட் இசைவிழா. மெர்ல், டாக்கின் மகன். அப்பாவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். 1985-ல் டிராக்டர் விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாக 1988-ல் தொடங்கிய விழா இது.

மேடைகளை விட அங்கே சுவாரஸ்யம், வட்டமா உட்கார்ந்து வாசிக்கும் கூட்டங்கள்தான். யார் வேணா சேரலாம். தலையை ஆட்டினால், அடுத்த சுற்று உங்களுடையது!

என் முறை வந்தது. ஆறு மாசமா ரூமில் பழகிய அத்தனை வித்தையையும் அந்த ஒரு சுற்றில் கொட்டினேன். மரியாதைக்குச் சிரிச்சாங்க. அடுத்து, பாஞ்சோ வைத்திருந்த தாத்தா வெறும் மெட்டை மட்டும் வாசித்தார். வட்டம் மொத்தமும் கூடவே முணுமுணுத்தது. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. நான் வாசிச்சதில் பாட்டே இல்லைங்கிறது அப்போதான் உறைச்சது.

கிளம்பிடலாமான்னு இருந்தது. உட்கார்ந்தேன். அடுத்த முறை மெட்டு, ஒரே ஒரு ஹேமர் ஆன், முடிவில் குட்டியா ஒரு ஓட்டம். அவ்வளவுதான். யாரோ முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. தாத்தா தலையாட்டினார்.

2012 ஏப்ரலில், 89 வயதில், டாக் கடைசியாக மேடையேறியதும் இதே விழாவில்தான். அடுத்த மாதம் காலமானார்.

நீங்களும் கிடார் பழகுறீங்களா? வேகம் தானா வரும் பாஸ். இன்னிக்கு ராத்திரி தெரிஞ்ச பாட்டு ஒண்ணை வெறுமனே வாசிச்சுப் பாருங்க. பக்கத்து ரூம்காரன் கூடவே முணுமுணுத்தான்னா... சங்கதி போட ஆரம்பிக்கலாம்!