இரும்புக் கை

பறக்கிற வீரர்கள் மீது எனக்கு எப்போதுமே அவ்வளவாகப் பற்று கிடையாது. இதைச் சொன்னால் என் பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். அவனுக்குச் சூப்பர்மேன் குலதெய்வம் மாதிரி. மலையைப் பெயர்ப்பார், ரயிலை ஒரு கையால் நிறுத்துவார், துப்பாக்கிக் குண்டு அவர் மார்பில் பட்டு நசுங்கி விழும். எல்லாம் சரிதான். ஆனால், குண்டு துளைக்காத ஒருவர் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்பதில் என்ன வீரம் இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடக்கிறவனை யாராவது வீரன் என்பார்களா?

என்னுடைய ஆள் இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, முதல் புத்தகமே அவர் கதைதான். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பிரதி வரும். அது பத்து வீடு சுற்றி என்னிடம் வந்து சேரும்போது அட்டை போயிருக்கும். கடைசிப் பக்கமும் சில சமயம் போயிருக்கும். முடிவை நானே கற்பித்துக்கொள்ள வேண்டியதுதான். பிற்காலத்தில் நான் நாவல் எழுதப் புகுந்ததற்கு அந்தக் கிழிந்த பக்கங்களும் ஒரு காரணமோ என்னவோ!

மாயாவி பிறப்பால் ஆங்கிலேயர். பெயர் லூயிஸ் கிராண்டேல். 1962-இல் 'வேலியண்ட்' என்ற லண்டன் வாரப் பத்திரிகையில் தோன்றினார். அமெரிக்காவில் ஸ்பைடர்மேன் பிறந்ததும் அதே வருஷந்தான். படம் வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். கறுப்பும் வெள்ளையுமாக அவர் போட்ட நிழல்களைப் பார்த்துவிட்டு, இரவில் கொல்லைப்புறம் போக நான் பயந்ததுண்டு.

விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்ட மனிதர் அவர். பிறகு ஒருநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் பலத்த மின்சாரம் தாக்குகிறது. உடல் முழுவதும் மறைந்துபோகிறது. இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது! கொஞ்ச நேரத்தில் சக்தி தீர்ந்ததும் ஆள் மறுபடி தெரிந்துவிடுவார். அப்புறம் மின்சாரக் கம்பி எங்கே என்று தேடி அலைய வேண்டும். எனக்குப் பிடித்ததே இந்த அலைச்சல்தான். முழுக்க மறையவும் முடியாது. மறைந்தபடியே இருக்கவும் முடியாது. அதோடு, சக்தி கிடைத்தவுடன் அவர் உலகத்தைக் காக்கக் கிளம்பிவிடவில்லை. திருடத்தான் கிளம்பினார். மனந்திருந்தியது பிறகு. நம்மில் பலரும் அந்த வரிசையில்தானே நடந்துகொள்வோம்?

ஸ்பைடர் என்று இன்னொருவர் உண்டு. சிலந்தி மனிதர் அல்லர். கூர்ங்காதும் கர்வமுமாக, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டவர். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு சாதாரணமானதல்ல. அவருடைய கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல் - ஆம், 1938-இல் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அந்த இருவரும் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறர் அதை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். நியாயத்தைக் காக்கப் பறந்து வந்தவரைப் படைத்தவருக்கே நியாயம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர் பின்னாளில் ஒரு திமிர் பிடித்த திருடனைப் பற்றி உற்சாகமாக எழுதினார் என்றால், அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

முகமூடி வேதாளரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. காட்டிலேயே, தம்மை நம்பியவர்களோடு குடியிருக்கிறார். இது நல்ல குணம். ஆனால் கறுப்பு மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரர்தான் காவலாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி, பதினெட்டு வயதுக்குப் பிறகு வந்தது, வந்தது போகவில்லை.

இவ்வளவையும் நான் பேரனுக்கு விளக்கிக்கொண்டு போனது காட்டுப்பள்ளிச் சாலையில். அத்திப்பட்டு மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எங்களைக் காரில் அழைத்துப் போனார். ஒருபுறம் கடல்; மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாறும்; வடக்கே பழவேற்காடு ஏரி. நடுவில் கிடக்கும் மணல் திட்டுத்தான் காட்டுப்பள்ளி. அந்தத் திட்டில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். 2013-இல் துறைமுகம் வந்தது. சற்றுத் தெற்கே, 2001-இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம். மேற்கே பார்த்தால் புகைபோக்கிகள். தலைக்கு மேலே மின்கம்பிகள்.

"உங்கள் மாயாவிக்கு இங்கே கரண்டுக்குப் பஞ்சமே இல்லை, போங்கள்!" என்றார் நண்பர்.

பேரன் சிரிக்கவில்லை. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து இந்தக் கழிமுகத்தில் படர்ந்ததை அவன் தொலைக்காட்சியில் பார்த்திருந்தான். படகெல்லாம் கறுப்பாகி, மீனவர்களே வாளியும் குவளையுமாக இறங்கி அள்ளினார்களே, அதை.

"தாத்தா, சூப்பர்மேன் இங்கே வந்தால் யாரை அடிப்பார்?"

நல்ல கேள்வி. இத்தனை வீரர்களும் ஒரு முகத்தை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். முகமூடியாவது வேண்டும். ஆற்றில் கலக்கும் வெந்நீருக்கு முகம் எது? சாம்பலுக்கு? 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் மின்நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு பங்காவது எங்கள் வீட்டு விளக்கில் எரிந்திருக்கும். அந்த வெளிச்சத்தில்தான் நான் மாயாவி படித்தேன். அடிப்பதென்றால் அந்த விளக்கையும் சேர்த்தல்லவா அடிக்க வேண்டும்? இதைப் பையனிடம் சொன்னேன். "அப்படியானால் மாயாவியும் அடிக்க மாட்டாரா?" என்றான். அவருக்கும் மின்சாரம் வேண்டுமே என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான்.

ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. இருளர் பெண்கள் சிலர் இடுப்பளவு நீரில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலையில்லை, தூண்டிலில்லை. ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்து அதில் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இறாலைக் கை எப்படியோ கண்டுவிடுகிறது.

அவர்களில் வயதான ஓர் அம்மாள் கரையேறி, பறியைக் கவிழ்த்து எண்ணத் தொடங்கினார். பேரன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேட்காமலே மாயாவியின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். உடம்பு மறைவது, கை மட்டும் தெரிவது, எல்லாம். அந்த அம்மாள் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இரும்புக் கைன்னா, அதுல எண்ணெய் ஒட்டுமா தம்பி?"

பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். துணியால் துடைத்தால் போய்விடும் என்று நான் சொன்னேன்.

"எங்களுக்குப் பத்து நாள் போவல ஐயா. சோத்துலகூட அதே வாடை" என்று சொல்லிவிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து இறாலை எண்ணினார்.