வலிக்காத புண்

வலிக்கிற புண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சகோதரிகளே. அது தானே கூச்சல் போட்டு வீட்டைக் கூட்டிவிடும். வலிக்காத புண் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது!

எங்கள் திருப்பூரில் பனியன் துணிக்குப் பஞ்சமே இல்லை. கம்பெனியில் வெட்டியதுபோக மிஞ்சும் 'வேஸ்ட்' துணிதான் மிஷின் துடைக்கவும், அடுப்பங்கரைக்கும். மிருதுவாக இருக்கிறதே என்று காலில் அடிபட்டாலும் அதையே கிழித்துக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. துணியின் இழை புண்ணில் ஒட்டும். அழுக்கும் மிஷின் எண்ணெயும் கூடவே சேரும். அதற்கு முன்னால் மஞ்சள் தூளோ காப்பித் தூளோ வேறு! புண் மறைந்துவிடும், ஆறிவிடுமா?

என் மாமியாருக்கு வெகு நாளாகச் சர்க்கரை வியாதி. தரையில் ஈரச் சுவடு கண்டுதான், அவர் உள்ளங்காலில் புண் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

"வலியே இல்லை கண்ணு. இதென்ன பெரிய புண்ணா?" என்றார்.

"வலியில்லாததுதான் ஆபத்து" என்றார் டாக்டர். சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் கால் நரம்புகள் மரத்துப் போகும்; ரத்த ஓட்டமும் குறையும். முள் குத்தினாலும் தெரியாது. அசட்டையாக இருந்தால் காலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம் வேலூரில் வேலை பார்த்தவர். 1946-ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண் ஏன் ஆறுவதில்லை என்று ஆராய்ந்தார். வலி தெரியாததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடந்தார்கள்! மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணின் மேல் பாரம் விழாமல் செய்ததும், ஆறாத புண்கள் ஆறின. 1966-ல் அவர் அமெரிக்கா சென்றார். அந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காப்பாற்றியது.

நடக்கக் கூடாதவரைத் தினம் ஆஸ்பத்திரிக்கு நடத்துவது எப்படி? வீட்டிலோ எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள். டாக்டர் யோசனைப்படி நர்ஸ் அம்மாள் ஒருவர் வீட்டுக்கே வந்தார்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பழைய கட்டைப் பிய்க்காமல், சலைன் விட்டு நனைத்து எடுத்தார். காகித அளவுகோலால் புண்ணின் நீள அகலத்தை அளந்து நோட்டில் குறித்தார். நிறம், வாடை, சுற்றிலும் சூடு எல்லாம் பார்த்த பிறகே புதுக் கட்டு.

"டிஞ்சர் போட வேண்டாமா? காற்றாடக் காய விடலாமே?" என்று கேட்டேன்.

"தினமும் டிஞ்சர் ஊத்தினா புதுச் சதையும் கெட்டுப் போகுமுங்க. புண்ணு காயக் கூடாது; பதமா ஈரம் இருக்கோணும்" என்றார்.

அது வெறும் பேச்சல்ல. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளிடம் சோதித்ததில், ஈரம் போகாமல் மூடிய காயத்தில் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் வளர்ந்தது.

மூன்றாவது வாரம் நர்ஸ் அம்மாள் நோட்டைப் பார்த்து முகம் சுளித்தார். அளவு குறையவேயில்லை! விசாரித்ததில், நாங்கள் எழுமுன் மாமியார் எழுந்து போய் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வந்தது அம்பலமாயிற்று. எங்கள் கண்ணுக்குத் தெரியாததை நோட்டு காட்டிக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கும் உத்தியோகம். அடுத்த வாரமே அளவு குறைந்தது. சில மாதங்களில் புண் மூடியது. கால் தப்பியது.

கட்டுவது பாதி வேலைதான், சகோதரிகளே. பார்ப்பதும், நேற்றோடு இன்றை ஒப்பிடுவதும்தான் மீதிப் பாதி. அதற்குத்தான் பயிற்சி பெற்ற கை வேண்டும். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிச் சென்று நர்ஸுகள் கவனிப்பதற்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழி செய்தது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, கறுத்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, காய்ச்சல் கண்டாலோ நர்ஸ் வரட்டும் என்று காத்திராதீர்கள்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால், தினம் இரவு படுக்குமுன் அவர் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு நிமிஷம் போதும்.